"வருமானச் சான்றிதழ் எங்கம்மா?": அக்காவுக்கு இலவச வக்கீல் கிடைத்த கதை

அக்காவுக்கு இடைக்கால ஜீவனாம்ச உத்தரவு வந்துவிட்டது. அவளுக்கு மாதம் 5,000, பையனுக்கு 3,000. வக்கீலுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனால் அந்த வக்கீல் கிடைப்பதற்குள் பட்ட பாட்டை எழுதிவைத்தால்தான் எனக்கு ஆறும்.

இலவச சட்ட உதவிக்கான அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வெள்ளைத்தாளில் மனு எழுதி, ஆதார், கல்யாணப் பத்திரிகை, பையனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனோம். மேசையில் இருந்தவர் முதல் வரியைத் தாண்டவில்லை. "வருமானச் சான்றிதழ் எங்கம்மா? அது இல்லாம வாங்க முடியாது."

சரி என்று இ-சேவை மையத்துக்குப் போனால் ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டு மாமியார் வீட்டில். வி.ஏ.ஓ.விடம் போனால், "புருஷன் வருமானத்தையும் சேர்த்துத்தான் போடணும், அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார்?" என்கிறார். அது தெரிந்தால் நாங்கள் ஏன் கோர்ட் வாசலில் நிற்கிறோம்! கடைசியில், "கைவிடப்பட்ட பெண்ணுன்னு முதல்ல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க" என்று அடுத்த வரிசைக்கு அனுப்பினார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தச் செலவு மட்டும் மிச்சம். அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வாடகைக்கு எடுத்துவைத்த காசில் கை வைத்துவிட்டோம்.

இவ்வளவு அலைச்சலும் வீண். வெறுத்துப்போய் 15100-க்கு போன் போட்டேன். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. எடுத்த பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "மனுதாரர் பொண்ணுதானே? அப்புறம் எதுக்கு வருமானச் சான்றிதழ்?"

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987. அதன் 12ஆம் பிரிவில் (சி) உட்பிரிவு: பெண்ணோ குழந்தையோ என்றால் இலவச வக்கீலுக்குத் தகுதி உண்டு. வருமான வரம்பு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் இப்படித்தான். இந்த வகைகளில் வராதவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. அவர்கள்கூட வருமானம் இவ்வளவுதான் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அதையே போதுமானதாக ஏற்கலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது.

மறுபடி போனபோது "12 சி" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மனுவின் மேலேயே குத்திக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செயலாளரைப் பாருங்க" என்று உள்ளே அனுப்பினார். செயலாளர் ஒரு நீதிபதி. மனுவைப் படித்துவிட்டு அன்றைக்கே வக்கீலை நியமித்தார். இதே மேசைக்கு முன்னால் (சி) தெரியாமல் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்களோ என்று வெளியே வரும்போது வயிறு எரிந்தது.

அத்தோடு தீர்ந்ததா? நியமிக்கப்பட்ட வக்கீல், "ஃபீஸ் வேண்டாம்மா, டைப்பிங், சம்மன் செலவுக்கு 3,000 மட்டும் குடுங்க" என்றார். கொடுக்காதீர்கள். கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், டைப்பிங், சான்றிட்ட நகல் எல்லாமே சட்ட உதவியில் அடக்கம். வக்கீலுக்கான ஊதியமும் ஆணைக்குழுவிலிருந்தே போகிறது. செயலாளருக்கு எழுத்தில் கொடுத்தோம், வக்கீலை மாற்றிவிட்டார்கள். மனு கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீல் இல்லையென்றால் எங்கள் புகார் காற்றில் போயிருக்கும்.

புதிதாக வந்தவர் இளம் வக்கீல், நல்ல சுறுசுறுப்பு. அக்கா இப்போது குடியிருக்கும் ஊரிலேயே குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு போட்டார். ஜீவனாம்சம் கேட்கிற பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) இப்போது 144. சம்மன் இரண்டு தடவை "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. மூன்றாவது போலீஸ் ஸ்டேஷன் வழியாகப் போனது, ஆள் இருந்தார்.

கோர்ட்டுக்கு வந்த அக்கா புருஷன் தனக்கு வருமானமே இல்லை என்றார். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். அவருடையதில் கூலி வேலை என்று இருந்தது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிற போட்டோக்களை நாங்கள் வைத்திருந்தோம். வண்டி அவர் அம்மா பேரில். அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஜிபே வரவு வரிசையாக நின்றது. ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கூலியை இத்தனை கடைக்காரங்க அனுப்புறாங்களா?" என்று கேட்டபோது அக்கா என் கையைக் கிள்ளினாள்.

மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்று உத்தரவு. ஆகவே பாக்கியே கணிசமாக நிற்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. பணம் தராவிட்டால் வசூல் மனு போடலாம், அப்போதும் கட்டாவிட்டால் உள்ளே போக வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது கொடுக்கவேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். "தருவார், தருவார்" என்று இருந்துவிட்டால் இந்த வழியில் அந்தப் பாக்கியைக் கேட்க முடியாது. சமாதானம் பேச வருகிற உறவுக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

முதல் மாதப் பணம் அக்கா கணக்கில் ஏறிவிட்டது. இரண்டாவது மாதத்துக்கு இன்னும் வரவில்லை. 10ஆம் தேதி வரை பார்ப்போம் என்கிறாள் அக்கா. வக்கீல் வசூல் மனுவை டைப் அடித்து வைத்திருக்கிறார்.