சூடு ஆறுவதற்குள் போய்ச் சேரட்டும்

2022-ல் மட்டும் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் 60 சதவீதம் வீடுகளில்தான். (ஓட்டல்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை!)

மீந்த சாப்பாடு தேவைப்படுகிறவருக்குப் போனால் பசி தீர்வது ஒரு பக்கம். மிச்சமாகும் காசு மருந்துக்கோ வாடகைக்கோ ஆகும். பிள்ளை வகுப்பில் சோர்ந்து விழாது. இதெல்லாம் பேச்சிலேயே வருவதில்லை.

ஆனால் கொடுக்கிற விதம் இருக்கிறதே! முகர்ந்து பார்த்து நாமே யோசிக்கிற சாப்பாட்டை அடுத்தவர் தட்டில் வைக்கக் கூடாது. செல்ஃபியும் வேண்டாம். சமைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமி பெருகிவிடும். மூடிய பாத்திரம், சமைத்த நேரம் எழுதிய சீட்டு, எடுத்துப்போக ஒரு வண்டி. இவ்வளவுதான் வேலை.

வீட்டில் விருந்து வைக்கிறவர்கள், எல்லாம் முடிந்தபின் போன் போடாமல், முந்தின நாளே, மீந்ததை வாங்கித் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிற உணவு வங்கியிடம் சொல்லி வையுங்கள்.