அத்தைக்கு நாடியே ஓடலையாம்!

திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் போன் அடித்தால் கேட்காது. கேட்டால் அன்றைக்குக் கரண்ட் இல்லை என்று அர்த்தம். ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள் என்று தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற ஹாலில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதையே உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை. கண்ணாடித் தடுப்புக்குள் தனி மேசை உண்டு. போன் அந்த மேசை மேல் இருக்கும், நான் இருக்க மாட்டேன். பீஸ் கணக்கு எடுக்க செக்கிங் பக்கம், அட்டைப்பெட்டி எண்ண பேக்கிங் பக்கம், சலான் கையெழுத்துக்கு கேட் பக்கம் என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். திரும்பி வந்து பார்த்தால் பையன் ஸ்கூலிலிருந்து ஒரு மிஸ்டு கால், வீட்டுக்காரரிடமிருந்து ஒன்று, அப்புறம் அத்தையிடமிருந்து வரிசையாக. நான் போனை எடுக்காவிட்டால் அத்தைக்கு இரண்டு காரணம்தான் தோன்றும். ஒன்று எனக்கு ஏதோ ஆகிவிட்டது, இல்லாவிட்டால் எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

பையனுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலில் கூப்பிட்ட அன்றைக்கும் இப்படித்தான். நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் அவிநாசியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தைதான் ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டி வந்தார். ராத்திரி அரிசிம்பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டுக்காரர் சொன்னார்: "ஸ்மார்ட் வாட்ச் ஒண்ணு வாங்கிக் கட்டிக்க. போன் வந்தா கைலயே நடுங்கும்." யோசனை அவருடையது, காசு என்னுடையது.

ஏலச்சீட்டு, ஸ்கூல் வேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் போக என்னால் ஒதுக்க முடிந்தது ரெண்டாயிரம் ரூபாய். சனிக்கிழமை தோறும் சம்பளம் போடுகிற ஊர் இது. இங்கே எந்த விலையையும் ஷிப்டாக மாற்றித்தான் மனசு கணக்குப் போடும். ரெண்டாயிரம் என்றால் எங்கள் செக்கிங் அக்கா ஒருவருக்கு நாலைந்து ஷிப்ட் காசு. சம்பளப் பட்டியல் போடுகிற கை என்னுடையது என்பதால் அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். அதனால் கடைக்குப் போகுமுன் கம்பெனிக்குள்ளேயே விசாரித்துவிடலாம் என்று பார்த்தேன்.

வாட்ச் கட்டியவர்கள் நிறையவே இருந்தார்கள். பேக்கிங்கில் ஒரு பொண்ணு வைத்திருப்பது பேசுகிற வாட்ச். வாட்சுக்குள்ளேயே மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. டீ டைமில் மிஷின் எல்லாம் நின்றிருந்த நேரம் பார்த்து அவளுக்குக் கால் வந்தது. ஸ்டைலாகத் தொட்டாள். "ஏம்மா, இந்த வாரத் தவணை எங்கம்மா?" என்று குழுக்கடன்காரர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவளுக்காகக் கொஞ்ச நேரம் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தோம். பேசும் வசதியைப் போட்டு வைத்தால் பேட்டரியும் சீக்கிரம் இறங்குமாம். பெட்டி மேல் ஏழு நாள் என்று இருந்தது, ரெண்டு நாளைக்கு மேல் வருவதில்லை என்றாள். பேசுகிற வாட்ச் அங்கேயே கழிந்தது.

அடுத்தது அயர்ன் மாஸ்டர். அவர் வாட்ச் புராணம் கம்பெனியே அறிந்தது.

"நேத்து இருபத்திரெண்டாயிரம் அடிங் மேடம்" என்று காலையில் வந்ததும் கையை நீட்டிக் காட்டுவார். இருபத்திரெண்டாயிரம் காலடி என்றால் பதினைந்து கிலோமீட்டர் போல வரும். வாரத்தில் ஆறு நாள் இப்படிப் போனால் மனுசன் சனிக்கிழமை சம்பளத்தைப் பழனி அடிவாரத்தில் நின்றுதான் வாங்க வேண்டும். ஆனால் அவர் அயர்ன் டேபிளை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. டீயே அவர் இருக்கிற இடத்துக்குத்தான் போகும்.

சூட்சுமம் என்னவென்றால், வாட்சுக்குள் அசைவை உணர்கிற ஒரு சின்ன சில்லு இருக்கிறது. கை முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடினால் ஆள் நடக்கிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் டீ-சர்ட் மேல் ஸ்டீம் அயர்னை இழுத்துத் தள்ள, அது பக்தியோடு அடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

"ஞாயித்துக்கெழமை ஒரு நாள் இரவல் குடுங்க மாஸ்டர், பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டேன். கல்யாணத்துக்குத் தங்கச் சங்கிலி இரவல் தருகிறவர் மாதிரி நாலு பத்திரம் சொல்லிக் கழற்றிக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு பார்த்து எங்கள் வீதியில் தண்ணீர் விட்டார்கள். நாங்கள் மாடி வீடு. பைப்படியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, மூச்சு வாங்கி, எல்லாம் நிரம்பிய பிறகு வாட்சைப் பார்த்தால் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. வாட்ச் கட்டிய கைதானே இடுப்புக் குடத்தை அணைத்துப் பிடித்திருந்தது? அது ஆடவே இல்லை. ஆடாத கைக்குக் கணக்குக் கிடையாது. சாயங்காலம் உட்கார்ந்த இடத்தில், இடியாப்பம் மாதிரி இருக்குமே, அந்தச் சந்தகை பிழிந்தேன். பிடியைச் சுற்றச் சுற்ற நானூறு அடி ஏறிவிட்டது.

"நல்லாத்தான் எண்ணுது போ. ஊட்டுல தண்ணி தூக்கறவளுக்கு எப்ப ஆரு கணக்கு வெச்சாங்க?" என்றார் அத்தை. இந்த ஒரு விஷயத்தில் அத்தையும் நானும் ஒரே கட்சி.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ஆசை விடவில்லை. அடி எண்ணவா வாங்குகிறேன், நடுங்கினால் போதாதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளம்பினேன். நாலு கடை ஏறி இறங்காமல் ஒரு பொருள் வாங்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம், அதனால் அவரும் கூட வந்தார்.

கடைத் தம்பி கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வரிசையாக எடுத்து வைத்தார். அட்டையில் 7,999 என்று போட்டு, அதை அடித்து, பக்கத்தில் 1,999. அத்தை அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆறாயிரம் கொறைக்கறானா? அப்ப இதுல என்னமோ நோவு இருக்குது" என்றார். தம்பி கண்டுகொள்ளாமல் நூறு விளையாட்டுக்குக் கணக்கு வைக்கும் என்று ஆரம்பித்தார். பட்டியலில் பனிச்சறுக்கு இருந்தது. துடுப்புப் படகும் இருந்தது. நொய்யல் ஆற்றில் படகு விட்டால்கூட எத்தனை துடுப்பு போட்டேன் என்று சொல்லிவிடுமாம். நொய்யலைத் திருப்பூர்ப் பாலத்தின் மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறவளிடம் இதைச் சொன்னார்.

அப்புறம் பி.பி. பார்க்கும் என்றார். சுகரும் பார்க்கும் என்றார். அதுவரை கடைக்கு வெளியே பூ விலையை விசாரித்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று உள்ளே வந்துவிட்டார். அவருக்குச் சுகர் உண்டு. மாசாமாசம் லேபில் ஊசி குத்தக் கையை நீட்டும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஊசி வேண்டாமா கண்ணு?"

"வேண்டாமுங் ஆத்தா. லைட் அடிச்சே சொல்லீரும்."

நான் அங்கேயே போனை எடுத்துத் தேடினேன். தோலைக் குத்தாமல் சர்க்கரையைத் தானே அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, நம்பி மருந்து அளவை மாற்றிவிடாதீர்கள் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. தம்பியிடம் காட்டினேன். "அது அமெரிக்காவுக்குங் அக்கா" என்றார். திருப்பூர்ச் சர்க்கரை வேறு போல.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, "சரி விடுங்க, இதயத் துடிப்பு பக்காவாக் காட்டும். கையைக் குடுங் ஆத்தா" என்று அத்தை கையில் வாட்சைக் கட்டினார். அத்தை கையில் வளையல் கிடந்ததால் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. அடியில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. திரையில் சின்ன இதயம் ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. எண் வரவில்லை. வெறும் ரெண்டு கோடு. தம்பி இறுக்கிக் கட்டினார், துடைத்துக் கட்டினார், வேறு வாட்ச் மாற்றினார். அதே ரெண்டு கோடு.

அத்தை என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"நாடி கெடைக்கலையாம் அத்தை."

"எனக்கா? காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு வாசத் தெளிச்சது அப்புறம் ஆரு?"

கடையில் டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வந்திருந்த ரெண்டு பையன்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தம்பிக்கு வேர்த்துவிட்டது. அப்போதுதான் அவர் கவனித்தார், வாட்ச் உட்கார்ந்த இடத்தில் அத்தைக்குப் பச்சை குத்தியிருக்கிறது. சின்ன வயசில் குறத்தி வந்து குத்திவிட்ட கோலம், நிறம் மங்கினாலும் அடர்த்தியாக இருக்கும். அந்த விளக்கு தோலுக்குள் போய்த் திரும்புகிற வெளிச்சத்தை வைத்துத்தான் நாடி பார்க்கிறது. ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வருகிற வெளிச்சமும் கூடிக் குறையும், அதை எண்ணிச் சொல்கிறது. பச்சை குத்திய மை வெளிச்சத்தை நடுவிலேயே மறித்துவிட்டால் எதை எண்ணுவது? விலை கூடின வாட்சுகளுக்கும் இதே தொல்லை உண்டு என்பதால் தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது.

அத்தை விடுவதாக இல்லை. "இந்தப் பச்சை குத்தி அம்பது வருசமாச்சு சாமி, இன்னும் போகல. உன்ற வாட்சுக்கு எத்தனை வருசம்?"

"வாரண்டி ஒரு வருசமுங்."

"இவளோட மாமன் கட்டுன எச்.எம்.டி. இன்னும் பீரோவுல இருக்குது. சாவி குடுத்தா ஓடும்."

அது உண்மை. அந்த வாட்ச் கம்பெனியை மூடுவதென்று 2016-லேயே மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது, மாமாவின் ஜனதா வாட்ச் மட்டும் சேதி தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதுவும் போன் வந்தால் நடுங்காது.

நான் வந்த காரியத்தைக் கேட்டேன். "தம்பி, போன் மேசை மேல இருக்கும். நான் பேக்கிங்ல இருப்பேன். நடுங்குமா?"

"எவ்வளவு தூரமுங் அக்கா?"

"நடுவுல ஒரு செவுரு, ரெண்டு வரிசை இரும்பு ரேக், அப்புறம் அட்டைப்பெட்டி மலை."

தம்பி நேர்மையான ஆள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாட்சும் போனும் புளூடூத்தில்தான் பேசிக்கொள்ளும், நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் பத்து மீட்டர் போல எடுக்கும், சுவர் வந்தால் அதுவும் குறையும் என்றார். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு வாட்சோடு நாலு கடை தள்ளி பேக்கரி வரை நடந்து பார்த்தேன். தேங்காய் பன் வாசனை வந்த இடத்தில் தொடர்பு அறுந்துவிட்டது.

"போனை எப்பவும் கூடவே வெச்சுக்கணுங் அக்கா."

"கூடவே வெச்சுக்கிட்டா போனே நடுங்குமே தம்பி. வாட்ச் எதுக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவுஞ் சரிதானுங். பாக்கெட்ல போட்டுக்கங்க, வேலை முடிஞ்சுது."

என் சுடிதாரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டேன். பாக்கெட்டா?

உலகத்தில் பாதி நாட்டுக்கு ட்ராக் பேண்ட் தைத்து அனுப்புகிற ஊர் இது. சைடு பாக்கெட், பேக் பாக்கெட், ஜிப் வைத்த பாக்கெட், பாக்கெட்டுக்குள் பாக்கெட் என்று எந்த ஸ்டைலுக்கு எத்தனை, ஒரு பாக்கெட்டுக்கு டெய்லருக்கு என்ன ரேட் என்று பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். எனக்கு ஒரு பாக்கெட் கிடையாது. கம்பெனியில் எந்தப் பொம்பளைக்கும் கிடையாது. கைக்குட்டை இடுப்பில், காசு ஜாக்கெட்டில், போன் மேசையில்.

அடுத்த நாள் பவர் டேபிள் அக்கா ஒருவரிடம் சுடிதாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சைடு தையலைப் பிரித்து, பாக்கெட் துணியில் மிச்சம் கிடந்ததை வெட்டி வைத்து, போன் கனத்துக்குக் கிழியாமல் இருக்க ரெண்டு முனையிலும் தையலைப் போய்த் திரும்ப ஓட்டி, டீ முடிவதற்குள் கையில் கொடுத்துவிட்டார். கூலி ஒரு டீ, ரெண்டு போண்டா.

போட்டுக்கொண்டு பேக்கிங் பக்கம் போனேன். தொடையில் திடீரென்று வண்டு புகுந்த மாதிரி ஆக, சலான் கட்டையே கீழே போட்டுவிட்டேன். அத்தைதான்.

"ஒண்ணுமில்ல, எடுக்கறயான்னு பாத்தேன்" என்று வைத்துவிட்டார்.

இப்போது செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் பாக்கெட் வைக்காத சுடிதார் குறைவு. அக்கா போண்டாவை நிறுத்திவிட்டு முப்பது ரூபாய் ரேட் வைத்துவிட்டார். ரெண்டு சைடு என்றால் ஐம்பது.

போன வாரம் அயர்ன் மாஸ்டர் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். ஸ்டீம் வேக்காட்டில் ஸ்ட்ராப்புக்குள் வேர்வை தங்கி மணிக்கட்டில் அரிப்பு, டாக்டர் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு மொதல்ல உங்ககிட்ட வந்தேனுங் மேடம். சார்ஜரோட தர்றேன், ஆயிரம் குடுங்க."

பழனி வரை நடந்த வாட்ச், அதற்கு மேல் ஓடாது மாஸ்டர், அறுநூறு தருகிறேன் என்றேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.