ஒரு புள்ளி மிச்சம்

விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பையன் ஒரு கொப்பியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். தரம் எட்டில் படிக்கிறவன். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, கொப்பியில் ஒரு துளி படவில்லை.

“அக்கா, உங்கள் விளையாட்டில் ஒரு பிழை இருக்கிறது. அந்தத் தீப்பல்லி சாகவே மாட்டேன் என்கிறது. ஒரு புள்ளி மிச்சம் வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது” என்றான்.

என் வேலை இப்படிப்பட்ட பிழைகளைக் கண்டுபிடிப்பதுதான். கொழும்பில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் கைபேசி விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கி வேலை பார்த்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆன பிறகு மலையகத்தில் உள்ள ஹட்டனுக்குத் திரும்பிவிட்டேன். டிக்கோயாப் பக்கம் எங்கள் வீடு. சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஜன்னலோரம்தான் என் அலுவலகம்.

பையன் சொன்ன விளையாட்டில் விநோத விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். 1996-இல் ஜப்பானில் போகிமான் விளையாட்டின் சிவப்பும் பச்சையும் வெளிவந்த நாளிலிருந்து இந்த வகை விளையாட்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடுதான். தாக்குகிற விலங்கின் நிலை, அடியின் வலு, தாக்குவலிமை, எதிரியின் தடுப்பாற்றல் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டால் சேதம் எவ்வளவு என்று வரும். அதோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலக்கும். ஒவ்வோர் அடிக்கும் 85 முதல் 100 வரை ஓர் எண் குலுக்கப்பட்டு, சேதத்தில் அத்தனை சதவீதம் மட்டுமே எதிரியைப் போய்ச் சேரும்.

பையனின் நீர்விலங்கு 50-ஆம் நிலையில் இருந்தது. எதிரியான தீப்பல்லிக்கு 115 உயிர்ப்புள்ளிகள். அடிக்கும் முன் திரை “97 முதல் 115 வரை” என்று காட்டுகிறது. அப்படியென்றால் நல்ல குலுக்கல் விழுந்தால் ஒரே அடியில் கதை முடிய வேண்டும். பையன் 43 தடவை அடித்திருக்கிறான், ஒரு தடவைகூட முடியவில்லை. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பல்லிக்கு மிச்சமிருந்த புள்ளியைக் கோடு போட்ட கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தான்.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். “பதினாறு எண்களில் ஒன்று விழுந்தால்தான் சாகும் தம்பி. உனக்கு விழவில்லை, அவ்வளவுதான்” என்றேன். கைபேசியிலேயே கணக்கும் போட்டுக் காட்டினேன். பதினாறில் ஒரு வாய்ப்பு 43 தடவையும் தவறிப்போவது நூறில் ஆறு பேருக்கு நடக்கக்கூடியது. அபூர்வம்தான், ஆனால் நடக்காதது அல்ல. இதை ஒரு முறைப்பாடாக எழுதி அனுப்பினால் கொழும்பில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பையன் எதிர்வாதம் பேசவில்லை. “கொப்பியை வைத்திருங்கள் அக்கா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடினான்.

இரவு சாப்பிட்டு முடித்த பிறகு அந்தக் கொப்பி கண்ணில் பட்டது. தவறு என்று ஏதோ உறுத்தியதால்தான் கையால் கணக்குப் போட உட்கார்ந்தேன். நிலை 50-ஐ இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்து இரண்டைக் கூட்டினால் 22. அடியின் வலு 80. இரண்டையும் பெருக்க 1,760. தாக்குவலிமை 110, தடுப்பாற்றல் 80. 110-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்தால் 2,420. அதை 50-ஆல் வகுத்தால் 48.4, பின்னத்தை வெட்டிவிட்டால் 48. இரண்டைக் கூட்ட 50. நெருப்பை நீர் அடிப்பதால் இரட்டிப்பு, 100. அதற்கு மேல் குலுக்கல். கடைசியாக, பையனின் விலங்கு கழுத்தில் கட்டியிருக்கும் சங்குமணி 15 சதவீதம் கூட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பின்னம் வெட்டப்படும்.

85-இலிருந்து 100 வரை பதினாறு எண்களையும் 1.15-ஆல் பெருக்கி ஒரு தாளில் இறக்கினேன். 97, 98, அடுத்தது 100. 99 வராது. தொடர்ந்து 106 வரை வருகிறது, 107 வராது. 108 முதல் 113 வரை வருகிறது. குலுக்கலில் 99 விழுந்தால் 113.85, வெட்டினால் 113. 100 விழுந்தால் நேராக 115.

அப்படியானால் 114?

எந்தக் குலுக்கலிலும் 114 வர முடியாது. ஆனால் கொப்பியில் “மிச்சம் 1” என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. 114 சேதம் விழுந்தால்தான் ஒன்று மிஞ்சும். பையன் பிழையாக எழுதியிருப்பானோ என்ற எண்ணம் வந்தது. அதற்கும் கொப்பியே பதில் வைத்திருந்தது. 99-உம் 107-உம் வர முடியாத எண்கள் என்றால் “மிச்சம் 16”, “மிச்சம் 8” என்ற வரிகள் அந்தக் கொப்பியில் இருக்கக்கூடாது. 43 வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இரண்டுமே இல்லை. மனம்போன போக்கில் எழுதுகிறவனுக்கு அது வாய்க்காது. அந்தப் பிள்ளை கண்டதை மட்டும் எழுதியிருந்தான். நான் அதிர்ஷ்டக் கணக்குப் பேசி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நிரலர், “ஒரு புள்ளிதானே மிஸ்? பெரிய பெரிய விளையாட்டுகளிலேயே இருக்கிறது” என்றார். அவர் சொன்னது உண்மைதான். முதல் போகிமான் விளையாட்டுகளில் மர்மத்தாக்கு (எப்போதாவது விழும் கூடுதல் பலமான அடி) வாய்ப்பைக் கூட்ட வேண்டிய ஒரு வித்தை அதைக் கால்பங்காகக் குறைத்துவிட்டது. நூறு சதவீதம் தவறாது என்று போட்ட அடிகளும் 256-இல் ஒரு தடவை தவறின. 0 முதல் 255 வரை குலுக்கி, வந்த எண் 255-ஐ விடச் சிறியதா என்று பார்த்தார்கள். 255-ஏ விழுந்தால் அது சிறியதல்ல, ஆகவே அடி தவறியது. ஆட்டம் ஆடியவர்கள் அதைத் துரதிர்ஷ்டம் என்றே நினைத்திருப்பார்கள். என்னைக் குடைந்ததும் அதுதான். விளிம்பில் நிற்கிற பிழை அதிர்ஷ்டத்தின் முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது, பட்டவர் தன்னையே நொந்துகொள்கிறார்.

“ஒரு புள்ளிதானே” என்ற சொல்லை நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். சின்ன வயதில் மாலை நேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அவர் பின்னால் போவேன். பையைத் தராசில் தொங்கவிடுவார்கள். முள் பதினேழைத் தாண்டி நிற்கும், கணக்கப்பிள்ளை பதினேழு என்று எழுதுவார். சாக்குக்கு என்று கொஞ்சம் கழியும், மழை நாளில் ஈரத்துக்கு என்று இன்னும் கொஞ்சம் கழியும். பதினாறு கிலோ நிறைந்தால் முழுப் பேர். நிறையாவிட்டால் அரைப் பேர், அன்றைய கூலியில் பாதி போய்விடும். வெட்டப்பட்டது அரைக்கால் கிலோவாக இருக்கலாம், விழுந்தது அரை நாள். அம்மா வீட்டுக்கு வந்து, விரல் நுனியில் படிந்த கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே அன்றைய நிறையைத் தனக்குள் திரும்பக் கூட்டிப் பார்ப்பார். அவர் கணக்கு ஒருநாளும் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. “115 புள்ளி உள்ள எதிரிக்கு 114-உம் 115-உம் ஒன்றல்ல சேர். ஒன்று உயிர், மற்றது சாவு. திரையில் நாமே 115 என்று எழுதிக் காட்டுகிறோம்” என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது.

அதே விலங்குகளை அதே நிலையில் வைத்து, சோதனைச் சேவையகத்தில் (சர்வர்) 1,600 சண்டைகளைத் தானாக ஓடவிட்டேன். நியாயப்படி 115 என்பது நூறு தடவைக்குக் கிட்ட வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. வர முடியாத 114 தொண்ணூற்றேழு தடவை வந்தது. பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, கைபேசிக்குள்ளேயே நடக்கும் பயிற்சிச் சண்டையில் ஓடவிட்டேன். அங்கே 115 ஒழுங்காக வந்தது, 114 எட்டிப் பார்க்கவே இல்லை. இரண்டிலும் ஒரே சூத்திரம்தான். நான்கு பேர் நான்கு தடவை வரிக்கு வரி படித்துப் பார்த்தோம், ஓர் எழுத்து பிழையில்லை.

பிழை 1.15 என்ற எண்ணுக்குள் இருந்தது. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? 0, 1 மட்டுமே கொண்ட கணினியின் துவித முறையில் 1.15-க்கும் அதே கதிதான். முடிவில்லாததை ஓரிடத்தில் நறுக்கித்தான் சேமிக்க முடியும். எங்கே நறுக்குவது என்பதற்கு 1985-இலேயே ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்ற நியமம் வந்துவிட்டது. எங்கள் கைபேசி நிரல் 32 பிட், அதாவது 32 துவித இலக்கம் கொண்ட, எண்களில் கணக்குப் போட்டது, சேவையகம் 64 பிட்டில் போட்டது. இரண்டிலும் சேமிக்கப்படுவது 1.15-ஐ விட ஒரு மயிரிழை குறைந்த எண்தான். கைபேசியில் அதை நூறால் பெருக்கும்போது, அந்தக் குறை அங்குள்ள எண்களின் இடைவெளியில் பாதியை விடச் சிறியதாகிவிடுகிறது. ஆகவே விடை பக்கத்திலிருக்கும் 115-இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேவையகத்தின் எண்கள் இன்னும் நெருக்கமானவை. அங்கே குறை இன்னும் சின்னதுதான், ஆனால் அங்குள்ள இடைவெளியில் பாதியைத் தாண்டிவிடுவதால் அது தவறவிடாமல் பிடித்து 114.99999999999999 என்று வைத்துக்கொள்கிறது. அடுத்த வரியில் பின்னத்தை வெட்டு என்ற கட்டளை நிற்கிறது. 114 ஆகிவிடுகிறது. நுட்பமான தராசுதான் பிசகியது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெருக்கலில் அல்ல, பெருக்கிய கையோடு வெட்டியதில்தான் அந்த மயிரிழை முழு ஒன்றாக வீங்கியது.

தீர்வு பற்றி வாக்குவாதம் நடந்தது. வெட்டுவதற்கு முன் ஒரு துளி, 0.0001 போல, கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார் நிரலர். இந்த இடத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் துளி ஏன் அங்கே இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்துப் போகிமான் விளையாட்டுகள் பெருக்கெண்களை 4,096-இல் இத்தனை பங்கு என்று முழு எண்ணாக வைத்துக்கொள்கின்றன. அந்த வழியையும் தாளில் போட்டுப் பார்த்தேன். 4,096-இல் 1.15 பங்கு 4,710.4. அதை 4,710 என்று வைத்துக்கொண்டு பெருக்கி வெட்டினால் மறுபடியும் 114-தான். கடைசியில் தரம் எட்டுப் பிள்ளை போடுகிற வழியில் போட்டோம். 1.15 என்ற எண்ணையே நிரலிலிருந்து எடுத்துவிட்டு 115 என்று வைத்தோம். முதலில் பெருக்கு, 11,500. கடைசியில் நூறால் வகு, 115. தசமம் எங்கும் நுழைவதில்லை.

இந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். மற்றச் சதவீதங்களையும் துருவிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 0.29-ஐ நூறால் பெருக்கினால் 64 பிட்டில் 29 கிடைக்காது, 28.999999999999996 கிடைக்கும். 0.57-உம் 0.58-உம் அப்படியே. விளையாட்டில் ஒரு பச்சிலை இருக்கிறது, உயிர்ப்புள்ளியில் 7 சதவீதத்தை மீட்டுக் கொடுக்கும். அதில் பின்னத்தை மேல்நோக்கி முழுதாக்குவது விதி. 0.07-ஐ நூறால் பெருக்கினால் 7.000000000000001. மேல்நோக்கி முழுதாக்கினால் 8. நூறு புள்ளி உள்ள விலங்குகளுக்கெல்லாம் பல மாதங்களாக ஒரு புள்ளி கூடுதலாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. “ஆட்டக்காரருக்கு லாபமாக இருக்கிறது, விட்டுவிடுவோமே” என்றார்கள். அந்தக் கூடுதல் புள்ளியால் ஒரு விலங்கு பிழைத்தால், எதிரே ஆடுகிற பிள்ளையின் கொப்பியில் மறுபடியும் “மிச்சம் 1” விழும் என்றேன். அதையும் சேர்த்துத் திருத்தினோம்.

புதிய பதிப்பு வெளிவர இரண்டு கிழமையானது. அதற்குள் பையன் தன் விலங்கை 53-ஆம் நிலைக்கு வளர்த்துவிட்டான், தீப்பல்லி அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் பழைய நிலையில் ஒரு கணக்குத் திறந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, பல்லியை அடித்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாவது அடியில் 115 விழுந்தது. பல்லி சுருண்டு மறைந்தது. அவன் கொப்பியைத் திறந்து, 43-க்குக் கீழே 62 வரை எண் போட்டு, கடைசி வரியில் “மிச்சம் 0” என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்தான். கொப்பியில் புதிதாக ஒரு பக்கம் கோடு போட்டிருந்தது.

“அக்கா, பச்சிலை முன்பெல்லாம் எட்டுக் கொடுத்தது. இப்போது ஏழுதான் கொடுக்கிறது.”

உள்ளே அழைத்து உட்காரவைத்து, பென்சிலை அவன் கையில் கொடுத்தேன். “நூறில் ஏழு சதவீதம் எவ்வளவு என்று நீயே போட்டுப் பார்” என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து மூன்று கோப்பைத் தேநீரோடு வந்து, அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.