துணி காய ஒரு ரூம்

கோத்தகிரியில் வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளத்தைப் பார்த்தபடி கண்ணாடி வைத்து ஒரு ரூம் போடுவார்கள். நான் போட்டது பின்பக்கம், மேட்டை ஒட்டி, துணி காயப்போட. எட்டுக்கு ஆறடி. ஐப்பசியில் இங்கே குடியிருந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் பெரும்பாலும் அந்தப் பக்கமே மறித்துவிடும். எங்களுக்குப் பெருமழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். அப்போது ஸ்கூல் யூனிஃபார்ம் காய்வதற்குள் அடுத்த திங்கட்கிழமை வந்துவிடும்.

பிளான் கொடுத்து அனுமதி வாங்கியதெல்லாம் தனிக் கதை. மலையில் சின்ன ரூம்தானே என்று அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வேலை முழுக்க நானும் கொழுந்தனாரும்தான், லீவு நாட்களில். அடுத்த தெரு மேஸ்திரி அண்ணா டீ குடிக்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்ப்பார். கயிறு கட்டி மார்க் பண்ணிய அன்றே கொழுந்தனார் கேட்டார்: "அண்ணி, மேட்டைக் கொஞ்சம் வெட்டினா இன்னும் ரெண்டடி கிடைக்குமே?"

"கிடைக்கும் தம்பி, மேடும் சேர்ந்து உள்ள வரும்" என்றார் மேஸ்திரி அண்ணா.

2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி என்று மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். அதைப் பார்த்த ஊரில் மேட்டின் அடிவாரத்தில் மண்வெட்டி வைக்க எனக்கு மனசு வராது. சரிவைத் தாங்கி நிற்பதே அந்த அடிமண்தான். நம் செம்மண் தண்ணீரை உறிஞ்சி கனம் ஏறியதும், பிடிமானம் இல்லாத இடத்தில் இறங்கிவிடும். ஆக, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம் விட்டு, அதில் வாட்டம் பார்த்துக் கால்வாய் போட்டோம். அந்த வாட்டத்துக்கு, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப் லெவலைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் இரண்டு வரிசை பிளாக் கட்டியிருக்கலாம். ஆனாலும் இந்த ரூமில் உருப்படியான வேலை என்றால் அந்தக் கால்வாய்தான்.

புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் வைத்து, அதாவது கல்லுக்குள் கல் கோத்து, கட்டவில்லை. பழைய அஸ்திவாரம் என்றைக்கோ உட்கார்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் உட்காரும். இரண்டையும் பிணைத்தால் நடுவில் விரிசல் விடும். அதனால் மெல்லிய இடைவெளி விட்டு, அதை இளகி நிற்கிற சீலன்ட்டால் அடைத்தோம். கூரை பழைய சுவரைத் தொடுகிற இடத்தில், கிரைண்டரால் சுவரில் நீளமாகக் காடி வெட்டி, மடித்த தகட்டை அதற்குள் சொருகிப் பூசினோம். காடி வெட்டாமல் வெறும் சிமென்ட்டை அப்பினால் அடுத்த மழைக்கே ஒழுகும்.

கூரைக்குப் பாதி தகர ஷீட், பாதி வெளிச்சம் வர பாலிகார்பனேட் ஷீட். ஸ்க்ரூவை ஷீட்டின் பள்ளத்தில் அடிக்கக் கூடாது. தண்ணீர் ஓடுகிற வழி அது. மேட்டில்தான் அடிக்க வேண்டும், ரப்பர் வாஷரோடு. பாலிகார்பனேட்டில் துளையை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். இடம் இல்லாவிட்டால் வெடிக்கும். புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளிலேயே அது எந்தப் பக்கம் என்று போட்டிருப்பான்.

மேலே இருந்து வரும் மழையைவிட உள்ளே இருந்து வரும் மழைதான் தொல்லை. ஈரத்துணியின் ஆவி, ராத்திரி குளிர்ந்து கிடக்கும் தகரத்தில் பட்டு, துளித்துளியாகத் திரும்பத் துணிமேலேயே சொட்டும். இதற்காகவே சுவரின் அடியிலும் கூரைக்குக் கீழேயும் காற்று போக வழி விட்டு, குரங்குக்குப் பயந்து கம்பி வலை அடித்தோம். கீழே குளிர்காற்று நுழைய, மேலே ஈரக்காற்று வெளியேறுகிறது. பனிக்காலத்தில் உள்ளே நின்றால் பல் கிட்டும். நிற்க யாருக்கு வேலை, துணிதானே நிற்கப்போகிறது!

அத்தைக்கு இப்போது அங்கே ஒரு பலகை அடித்து எண்ணெய் டின்களை அடுக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவை உடைக்கிற ஊர் இது. நாங்கள் போட்டிருப்பது லேசான தகரக் கதவு. அத்தை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பலகை மட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறேன், சோப்பு வைக்க.