ஜொத்கலில் புது பாக்டீரியா தேடப் போகிறவர்களுக்கு

கொரியாவில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் ‘ஜொத்கலிலிருந்து புது இனம்’ என்ற தலைப்பு உங்கள் கைக்கும் வரலாம். இறால், நெத்திலி, சிப்பி, மீன்முட்டை என எதையாவது உப்பில் ஊறவைத்துப் புளிக்கவிடுவதுதான் ஜொத்கல். கிம்ச்சியிலும் சேர்ப்பார்கள். கருவாட்டு வாசனைக்குப் பழகிய மூக்கு என்றால் கவலையில்லை.

இந்தத் தலைப்பு ஒன்றும் புதிதல்ல. 2001இல் ஜொத்கலிபேசிலஸ், 2003இல் ஜொத்கலிகாக்கஸ் என்று பேரினங்களே இதிலிருந்து வந்துவிட்டன. ஆகவே சுலபமாக வளர்வதை எல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். மெதுவாக வளர்பவற்றில்தான் வாய்ப்பு அதிகம்.

அதற்குப் பொறுமையோடு கொஞ்சம் கைப்பக்குவமும் வேண்டும். மாதிரியை நீர்க்கச் செய்யும்போது வெறும் காய்ச்சி வடித்த நீர் வேண்டாம்; உப்பை மிகுதியாக விரும்பும் செல்கள் அதில் வெடித்துவிடும். உப்புக் கரைசலையே பயன்படுத்துங்கள். பிளேட்டுகளை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அகார் காய்ந்து உப்புப் பூத்துவிடும். அந்தப் படிகங்களைக் காலனி (பாக்டீரியாக் கூட்டம்) என்று நினைத்து, தனியாக வளர்க்க வேறு பிளேட்டில் ஸ்ட்ரீக் செய்பவர்கள், அதாவது கோடிழுத்துத் தடவுபவர்கள் உண்டு. வாரக்கணக்கில் காத்திருந்து சிவப்பாக ஒரு காலனி வந்தால் உடனே துள்ளாதீர்கள். அது பாக்டீரியாவாக இல்லாமல், பார்க்க அப்படியே இருந்தாலும் வேறு வகை நுண்ணுயிரியான ஆர்க்கியாவாக இருக்கலாம். அப்படியானால் மரபணுவைப் பெருக்கப் பயன்படும் பிரைமர் (சிறு டிஎன்ஏ துண்டு) முதல் எல்லாமே மாறும்.

இனத்தை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை ஏறக்குறைய முழு நீளத்துக்கும் படித்து, ஈஸிபயோகிளவுட் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். நெருங்கிய இனத்தோடு ஒப்புமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். மேலே இருந்தாலும் கதை முடியவில்லை. முழு மரபணுத்தொகுதியை ஒப்பிடும்போது ஏஎன்ஐ (இரண்டின் டிஎன்ஏ வரிசைகளின் சராசரி ஒப்புமை) 95–96 சதவீதத்துக்கும், டிஜிட்டல் டிஎன்ஏ கலப்பு (அதே ஒப்புமையைக் கணினியில் வேறு முறையில் மதிப்பிடுவது) 70 சதவீதத்துக்கும் கீழே வந்தால் அது தனி இனம்தான்.

இந்த எண்கள் கைக்கு வந்ததுமே பெயர் யோசிக்கத் தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் காலத்தைத் தின்பது அதற்குப் பிறகு வருகிற ஒப்பீட்டு வேலைதான். நெருங்கிய இனங்களின் டைப் ஸ்ட்ரெயின்களை (அந்த இனப்பெயருக்கு ஆதாரமான மாதிரி வளர்ப்புகளை) வரவழைத்து, உங்களுடையதோடு ஒரே வளர்ப்பு ஊடகம், ஒரே வெப்பநிலை, ஒரே வளர்ச்சி நிலையில் வளர்த்துப் பார்க்க வேண்டும். செல்லின் கொழுப்பமிலங்கள் இவற்றைப் பொறுத்து மாறும். பழைய கட்டுரை அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டால் மதிப்பீட்டாளர் அங்கேயே பிடித்துவிடுவார். ஆகவே 16எஸ் முடிவு வந்த அன்றே டைப் ஸ்ட்ரெயின்களுக்கு ஆர்டர் போடச் சொல்லி வழிகாட்டியை நச்சரியுங்கள். செல் சவ்வில் உள்ள குயினோன், துருவ லிப்பிடு ஆகியவற்றைப் பார்ப்பதெல்லாம் வழக்கமான வேலை, சீனியர்கள் சொல்லித் தருவார்கள்.

கட்டுரை எழுதும் முன்பே இரண்டு நாடுகளின் நுண்ணுயிர் சேமிப்பகங்களுக்கு உங்கள் ஸ்ட்ரெயினை அனுப்பிவிடுங்கள். கொரியாவின் கேசிடிசியும் ஜப்பானின் ஜேசிஎம்மும் பலரும் நாடுபவை. அவர்கள் வளர்த்துப் பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் பெயர் முறைப்படி செல்லும். விண்ணப்பத்தில் உப்பின் அளவையும் ஊடகத்தையும் துல்லியமாகக் குறிப்பிடுங்கள்; அங்கே வளரவில்லை என்று பதில் வந்தால் மறுபடி அனுப்பி மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.