இடிதாங்கி இருந்தும் எரிந்துபோன கருவிகள்: எங்கள் கட்டடத்துக்கு மின்னல் காப்பு செய்த அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இடிதாங்கி முன்பே இருந்தது. அப்படியும் ஒரு மழை இரவில் லிஃப்டின் கண்ட்ரோல் போர்டு, கேமராக்கள், பல வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. கட்டடத்தின் மேல் இடி விழுந்த தடயமே இல்லை. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலின் தாக்கம் கரண்ட் வயரிலும் கேபிளிலும் ஏறி உள்ளே வந்திருந்தது. பராமரிப்புப் பொறுப்பு என்னிடம் இருந்ததால் இதைச் சரிசெய்யும் வேலையும் என் கைக்கு வந்தது.

முதலில் வந்த விற்பனையாளர், புது வகைக் கம்பி ஒன்றை நட்டுவிட்டால் சுற்றுவட்டாரமே பத்திரம் என்றார். ஐஇசி 62305 என்ற சர்வதேசத் தரநிலையைப் பார்த்தேன். அதில் கம்பியின் நிஜமான உயரமும் அது நிற்கும் இடமும்தான் கணக்கு. ஒரு பெரிய பந்தைக் கட்டடத்தின் மேல் உருட்டுவதாக வைத்துக்கொண்டு, அது தொடும் இடமெல்லாம் மின்னல் விழக்கூடிய இடம் என்று எடுக்கிறார்கள். பந்தின் ஆரம் காப்பு நிலையைப் பொறுத்து 20, 30, 45 அல்லது 60 மீட்டர். எங்களுக்கு மூன்றாம் நிலை, அதாவது 45 மீட்டர். வரைபடத்தில் உருட்டிப் பார்த்தபோது மொட்டை மாடியின் இரண்டு மூலைகளும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பும் காப்புக்கு வெளியே நின்றன. சரி, அங்கெல்லாம் சிறு கம்பிகள் வைத்தோம். மின்னலைத் தரைக்குக் கொண்டுபோகும் பட்டையும் ஒன்றுதான் இருந்தது. சுமார் 15 மீட்டர் இடைவெளியில் சுற்றிலும் இறக்கினோம்.

அடுத்தது எர்த்து. இதில்தான் நிறைய வாதம் நடந்தது. "இடிதாங்கி எர்த்தையும் கரண்ட் எர்த்தையும் சேர்க்கவே கூடாது சார், இடி வீட்டுக்குள்ள வந்துடும்" என்றார் எலக்ட்ரீஷியன். பலரும் நம்புவது இதுதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி. 10 ஓம் தடை உள்ள எர்த்தில் 30 கிலோ ஆம்பியர் பாய்ந்தால் அந்த எர்த்து 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். பக்கத்திலேயே இன்னொரு எர்த்து தனியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில் எது கிடைத்தாலும் அதன் வழியே மின்னல் தாவும். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு கருவியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், தாவ இடமில்லை. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். தண்ணீர்க் குழாய், லிஃப்டின் தண்டவாளம், எல்லா எர்த்தும் ஒரே செம்புப் பட்டையில் வந்து சேர்ந்தன.

வெளியிலிருந்து வரும் வயர் மட்டும் அந்த ஏற்றத்தோடு சேர்ந்து ஏறாது. அதற்குத்தான் சர்ஜ் புரொடெக்டர், அதாவது வயரில் திடீரென்று ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. நேரடி மின்னலின் பெரிய மின்னோட்டத்தைத் தாங்குவது டைப் 1, மீதி ஏற்றத்தை அடக்குவது டைப் 2. மெயின் போர்டில் இரண்டும் சேர்ந்த ஒன்று, மாடி போர்டுகளில் டைப் 2. பொருள் நல்லதாக இருந்தாலும் மாட்டும் விதத்தில் கெட்டுவிடும். எங்கள் போர்டில் கீழ்மூலையில் மாட்டி, நீளமான வயரை அழகாக வளைத்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பார்க்க நேர்த்தி, மின்னலுக்கோ ஆகாது. மின்னோட்டம் ஒரு மைக்ரோ வினாடிக்கு ஒரு கிலோ ஆம்பியர் வேகத்தில் ஏறினால், ஒரு மீட்டர் வயரிலேயே சுமார் ஆயிரம் வோல்ட் நிற்கும். புரொடெக்டர் தடுக்கும் அளவோடு அதுவும் சேர்ந்துதான் கருவிக்குப் போகும். இருபக்க வயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லி, எர்த்துப் பட்டைக்குப் பக்கத்தில் மாற்றி மாட்டச் சொன்னேன். கொஞ்சம் முனகினாலும் மாற்றிக் கொடுத்தார்கள்.

கேமரா, இணைய கேபிள்களுக்குத் தனி புரொடெக்டர் உண்டு. அதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கடைசியில் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டோம். ஒவ்வொரு பெரிய இடிமழைக்குப் பிறகும் காவலாளி போர்டைத் திறந்து புரொடெக்டரின் சின்னக் கண்ணாடியைப் பார்க்கிறார். பச்சை இருந்தால் சரி. சிவப்பு வந்தால் அன்றே மாற்றுவதற்கு உதிரி ஒன்று போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.