18, 2, 6 மட்டும் கேட்ட பக்கம்

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பொதுச் சேவைத் தளத்தை, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி திருத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. முன்பக்க நிரல் எழுதுவது என் பொறுப்பு. தானியங்கிச் சோதனைக் கருவியை ஓட்டி, அது காட்டிய பிழைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். 100க்கு 96 வந்தது. வேலை முடிந்தது என்றே நம்பினோம்.

ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கச் சொல்வோம் என்று, பார்வையற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தோம். தன் மடிக்கணினியோடு வந்தார். அதில் என்விடிஏ இருந்தது. 2006இல் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர் அது, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

முதலில் தகுதி விதிகள் பக்கத்தைத் திறந்தார். ஏறக்குறைய 20 வரிகள், அத்தனையும் தமிழ். ஸ்பீக்கரிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "எய்ட்டீன்... டூ... சிக்ஸ்." பிறகு அமைதி.

"தம்பி, பக்கம் காலியா இருக்கா?"

எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் பக்கம் நிறைய எழுத்து இருக்கிறது. நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்தில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் அது ஆங்கிலம் என்று இருந்தது, நாங்கள் யாரும் மாற்றவில்லை. ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி மொத்தப் பக்கத்தையும் ஆங்கிலக் குரலிடம் கொடுத்தது. அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. 18 வயது, 2 புகைப்படங்கள், 6 மாதங்கள் என்று இருந்ததில் எண்களை மட்டும் வாசித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டே எழுத்து மாற்றினேன், அடுத்த நிமிடம் பக்கம் தமிழில் பேசியது. சோதனைக் கருவி இதை ஏன் பிடிக்கவில்லை? மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் அது பார்த்தது. குறித்த மொழியும் எழுதிய மொழியும் ஒன்றா என்று பார்க்கவில்லை.

விதிகளின் விரிவான பிடிஎஃப் அதைவிட மோசம். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. திரையில் அழகான தமிழ், உள்ளே இருப்பதோ தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவர் காதில் விழுந்தது வெறும் உளறல். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினோம். அதோடும் முடியவில்லை. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று பார்வைக்கு வரும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றும்போது சில இடங்களில் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் திருத்தினோம். பிறகு பிடிஎஃப்பையே விட்டுவிட்டு, தலைப்புகளோடு சாதாரண வலைப்பக்கமாகப் போட்டோம். 'எச்' விசையை அழுத்தியே அவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போனார்.

அடுத்து விண்ணப்பப் படிவம். "எடிட், பிளாங்க்" என்றது. டேப் விசையைத் தட்டினார். மறுபடி "எடிட், பிளாங்க்." பெயரா, தந்தை பெயரா, முகவரியா, எதுவும் தெரியவில்லை. இந்தப் படிவம் உள்நுழைந்த பிறகு வருவது. சோதனைக் கருவியை வெளிப்பக்கங்களில் மட்டுமே ஓட்டியிருந்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயரை லேபிளாகப் பெட்டியோடு இணைக்காமல் விட்டது எங்கள் தவறு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நிரப்பிவிட்டுச் சமர்ப்பித்தார். மறுபடி அமைதி.

"இப்ப போயிருச்சா, போகலையா?"

போகவில்லை. மேலே சிவப்பு எழுத்தில் 'தவறான உள்ளீடு' என்று வந்திருந்தது. சிவப்பு அவருக்கு எப்படித் தெரியும்? எழுத்து தெரிந்தாலும் எந்தப் பெட்டியில் தவறு என்று யாருக்குத்தான் புரியும்? இப்போது பிழை வந்தால் கர்சர் நேராகப் பிழைப் பட்டியலுக்குப் போகும், அது தானாக வாசிக்கப்படும். 'பிறந்த தேதியில் மாதம் விடுபட்டுள்ளது' என்று எழுதியிருக்கிறோம். மவுசால் மட்டும் திறந்த காலண்டரை எடுத்துவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி வைத்தோம். என்னைக் கேட்டால், இந்தப் பிழைச் செய்தி வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம். பார்வை உள்ளவர்களும் அங்கேதான் திணறிக்கொண்டிருந்தார்கள்.

கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாத ஒரு பெண் அடுத்த வாரம் வந்தார். கீபோர்டு மட்டும்தான். டேப் அழுத்தினால் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை, அழகுக்காக யாரோ நீக்கியிருந்தார்கள். சமர்ப்பி பட்டன் உண்மையில் பட்டனே இல்லை, பட்டன் போல வரைந்த ஒரு டிவ், அதாவது நிரலில் வெறும் பெட்டி. டேப் அதைத் தொடாமலே கடந்தது. நிஜமான பட்டன் போட்டதும் என்டரும் ஸ்பேஸும் தாமாக வேலை செய்தன. ஓடிபிக்கு ஆறு தனித்தனிப் பெட்டிகள், ஒட்டவும் விடாது. அதை ஒரே பெட்டியாக்கினோம். ஐந்து நிமிடத்தில் வெளியே தள்ளும் வழக்கமும் போயிற்று. நேரம் முடிவதற்கு முன் எச்சரிக்க வேண்டும், நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி தர வேண்டும், 10 முறையாவது நீட்டிக்க விட வேண்டும் என்பது, வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி சொல்லும் வழிகளில் ஒன்று.

நிறத்துக்காகக் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக் குறியீட்டின் சாம்பல் எழுத்து, இரண்டுக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 2.85தான். சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். #767676 ஆக்கினால் 4.54 வரும் என்று காட்டியதும் வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டார்.

பெரிய வாக்குவாதம் மேலிடத்தில்தான். "இப்படி எத்தனை பேர் வரப்போறாங்க?" என்றார் ஒருவர். உலகில் 130 கோடிப் பேர், ஏறக்குறைய ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைச் சொன்னேன். நம் தளம் அவர்களை உள்ளேயே விடாதபோது, வருகைக் கணக்கில் அவர்கள் எப்படித் தெரிவார்கள் என்றும் கேட்டேன். ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் போதும், மூலையில் ஒரு ஐகான் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று விற்க வந்தவர்களும் உண்டு. வேண்டாம் என்றேன். பார்வையற்றவர் தன் ஸ்கிரீன் ரீடரோடுதான் வருகிறார், இன்னொரு குரல் அவருக்கு எதற்கு? லேபிள் இல்லாத பெட்டிக்கு என்ன பெயர் என்று அந்த ஐகானுக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதம் கழித்து அதே ஆசிரியரை மறுபடி அழைத்தோம். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. விதிகளைக் கேட்டார், படிவத்தை நிரப்பினார், தேதியில் ஒரு பிழை வந்தது, தானே திருத்தினார், சமர்ப்பித்தார். 'உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது' என்று கணினி சொன்னபோது அறையில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து விண்ணப்ப எண் வந்தது, 12 இலக்கம். அதைக் கோடி, லட்சம், ஆயிரம் என்று ஒரே பெரிய எண்ணாகக் கணினி வாசித்தது. திரும்பக் கேட்டார். மறுபடியும் அதேதான்.

"இத எப்படித் தம்பி எழுதிக்கிறது?"

அன்று மாலையே எண்ணை நான்கு நான்காகப் பிரித்து, பக்கத்தில் 'எண்ணை நகலெடு' என்று ஒரு பட்டன் வைத்தேன். நிஜமான பட்டன்.